கதைக்காகச் சீட்டு எடுப்பவர்களுக்கு: த்ரோன்பிரேக்கரா, ஸ்டீம்வேர்ல்டு குவெஸ்டா?

சீட்டு வைத்துச் சண்டை போடும் வீடியோ கேம் என்றதும் பலருக்கும் ஸ்லே தி ஸ்பையர் வகைதான் நினைவுக்கு வரும். தோற்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், கதை ஊறுகாய் அளவுக்குத்தான் இருக்கும். நான் இங்கே பேசப்போவது வேறு வகை. ஒரு கற்பனை உலகம், ஊர் ஊராகப் பயணம், கூடவே சேரும் ஆட்கள், நீளமான கதை, சண்டை வரும்போது மட்டும் கையில் சீட்டு. இந்த வகையில் தேடினால் திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை நான்கு: போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் 2018இல் வெளியிட்ட 'த்ரோன்பிரேக்கர்: தி விட்சர் டேல்ஸ்', சுவீடனின் இமேஜ் அண்ட் ஃபார்ம் 2019இல் கொண்டுவந்த 'ஸ்டீம்வேர்ல்டு குவெஸ்ட்', ஸ்கொயர் எனிக்ஸின் 'வாய்ஸ் ஆஃப் கார்ட்ஸ்', அப்புறம் 2003இல் கேம்கியூபில் பிறந்து 2023இல் ஸ்விட்ச்சுக்குப் புதுப்பித்து வந்த 'பேட்டன் கைட்டோஸ்'.

முதல் இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. நான் த்ரோன்பிரேக்கர் பக்கம். இரண்டையும் முடித்த பிறகுதான் அந்தப் பக்கம் சாய்ந்தேன். எனவே இதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், என் காரணத்தை மட்டும் கேளுங்கள்.

ஓவியம், இசை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நான்குமே அழகானவை. த்ரோன்பிரேக்கர் சித்திரக்கதைப் புத்தகம் போல அடர்த்தியான கோடுகளில் இருக்கும். ஸ்டீம்வேர்ல்டு கையால் வரைந்த கார்ட்டூன், அதில் நாயகர்கள் எல்லோரும் நீராவியில் ஓடும் ரோபோக்கள். எதிலும் தமிழ் இல்லை, ஆங்கிலத்தில் நிறைய வாசிக்க வேண்டும். அதிலும் த்ரோன்பிரேக்கர் கிட்டத்தட்ட ஒரு நாவல் அளவுக்கு வாசிக்க வைக்கும்.

சண்டை முறையை மட்டும் தனியாக எடுத்து வைத்தால் ஸ்டீம்வேர்ல்டு குவெஸ்ட்தான் கச்சிதம். மூன்று பேர் கொண்ட அணி, ஆளுக்கு 8 சீட்டு, ஆக மொத்தம் 24 சீட்டில் ஒரு கட்டு. ஒவ்வொரு முறையும் கையில் இருக்கும் 6 சீட்டில் மூன்றைப் போடலாம். பிடிக்காத சீட்டு வந்தால் இரண்டு வரை மாற்றிக்கொள்ளலாம். சாதாரணச் சீட்டுகளைப் போடும்போது நீராவி அழுத்தம் சேரும், பலமான சீட்டுகள் அதைச் செலவழிக்கும். மூன்றையும் ஒரே ஆளின் சீட்டாகப் போட்டால் நான்காவதாக ஒன்று இனாமாகக் கிடைக்கும். அந்த நான்காவது சீட்டு எது என்பதை அவர் கையில் இருக்கும் ஆயுதம் தீர்மானிக்கும். இந்தச் சின்ன விதிகளுக்குள் எவ்வளவு யோசனை அடங்கியிருக்கிறது என்பது போகப்போகத் தெரியும். இப்போது அடிப்பதா, அழுத்தத்தைச் சேர்த்துவைத்து அடுத்த முறை கொட்டுவதா, நாயகி ஆர்மிலியின் சங்கிலியை (ஒரே ஆளின் மூன்று சீட்டு) முடிப்பதா, மந்திரக்காரி கொப்பர்னிகாவின் மந்திரத்தைக் காப்பாற்றி வைப்பதா என்று ஒவ்வொரு கையிலும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

த்ரோன்பிரேக்கரின் சண்டை, விட்சர் விளையாட்டுகளின் கற்பனை உலகத்தில் வரும் க்வென்ட் என்கிற சீட்டாட்டத்தின் ஒரு வடிவம். எதிரியின் உயிரைக் குறைப்பது இங்கே வேலையில்லை. ஆளுக்கு இரண்டு வரிசை, கைகலப்புக்கு ஒன்று, தூரத் தாக்குதலுக்கு ஒன்று. களத்தில் இருக்கும் சீட்டுகளின் எண்களைக் கூட்டி, யாருக்கு அதிகமோ அவருக்கு அந்தச் சுற்று. மூன்றில் இரண்டை வென்றவர் ஜெயித்தார். கதையின் பல சண்டைகள் ஒரே சுற்றில் முடிந்துவிடும். இதில் ஒரு குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். நல்ல கூட்டணியாக நாலைந்து சீட்டுகளைக் கண்டுபிடித்துவிட்டால், பிற்பாதியில் சாதாரணச் சண்டைகள் தானாகவே முடியும். ஆரம்பத்திலேயே போன்பிரேக்கர் என்கிற கடின நிலையைத் தேர்ந்தெடுத்தால் இது ஓரளவுக்குச் சரியாகும். நடுநடுவே வரும் புதிர்ச் சண்டைகளும் கை கொடுக்கும். அங்கே உங்கள் கட்டு செல்லாது, அவர்கள் கொடுக்கும் சீட்டுகளை வைத்து ஒரே ஒரு வழியில் ஜெயிக்க வேண்டியிருக்கும். உட்கார்ந்து யோசிக்கப் பிடித்தவர்களுக்கு அது தனி விருந்து. ஸ்டீம்வேர்ல்டின் கடின நிலையை நான் ஆடவில்லை. சாதாரண நிலையில் அதன் சண்டைகள் கடைசிவரை சலிக்கவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் த்ரோன்பிரேக்கர்? நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயத்தை. கதையில் நடப்பது என் சீட்டுக்கட்டுக்குள் இறங்குகிறதா, இல்லையா?

இந்த வகையில் வரும் பெரும்பாலான விளையாட்டுகளில் கதையும் சீட்டும் ஒரே வீட்டில் குடியிருந்தும் பேசிக்கொள்ளாத இரண்டு குடும்பங்கள். கதைக் காட்சி முடியும், சண்டை தொடங்கும், சண்டை முடிந்ததும் கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். ஸ்டீம்வேர்ல்டு குவெஸ்டும் அப்படித்தான். அதன் சீட்டுகள் கடையில் செய்து வாங்கும் கருவிகள். அத்தியாயம் அத்தியாயமாக, நேர்கோட்டில் கதை போகும். நான் என்ன நினைத்தாலும் ஆர்மிலி அதே பாதையில்தான் நடப்பாள். அவளுடைய கதை கலகலப்பானது, தோழர்களின் பேச்சு இனிமையானது, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் சீட்டுகளை எடுத்துவிட்டு வேறு எந்தச் சண்டை முறையை வைத்தாலும் அந்தக் கதை ஒரு வரிகூட மாறாது.

த்ரோன்பிரேக்கரில் நீங்கள் லிரியா, ரிவியா இரண்டுக்கும் அரசியான மீவ். நில்ஃப்கார்டு பேரரசு படையெடுத்து வருகிறது. மகன் வில்லெம் எதிரியோடு சமரசம் செய்துகொள்கிறான், அரசி நாட்டை இழக்கிறாள், கொஞ்சப் படையோடு வேற்று நாடுகளில் அலைகிறாள். அந்தக் கொஞ்சப் படைதான் உங்கள் சீட்டுக்கட்டு. ஈட்டிக்காரன், வில்லாளி எல்லாம் ஒவ்வொரு சீட்டு. அவர்களைச் சேர்க்கப் பொன், மரம், படைக்கு வரும் ஆட்கள் என மூன்று செல்வங்கள் வேண்டும். அவற்றை வழியெல்லாம் தேடிச் சேர்க்க வேண்டும். படையின் மனநிலை சரிந்தால் சீட்டுகளின் எண்ணும் குறையும். ஆகவே வழியில் பசியோடு ஒரு கூட்டம் கை நீட்டும்போது, கொடுப்பதா வேண்டாமா என்பது வெறும் இரக்கம் பற்றிய கேள்வியாக நிற்பதில்லை. கொடுத்த பொன் அடுத்த சண்டையில் இல்லாத சீட்டாகத் திரும்பி வரும். கொடுக்காவிட்டால் அந்தக் குற்ற உணர்வோடு அதே அரசியாக நடக்க வேண்டும். விளையாட்டு உங்களைப் பாராட்டுவதுமில்லை, திட்டுவதுமில்லை.

என்னை முழுதாக இந்தப் பக்கம் இழுத்தவர்கள் தோழர்கள்தான். தளபதி ரெய்னார்டு, கொள்ளைக்கூட்டத் தலைவன் காஸ்கோன், குள்ளர் இனத்துக் காபர், எல்ஃப் இனத்தவரை அடியோடு வெறுக்கும் ரேலா, வன்முறையை வெறுக்கும் மந்திரக்காரி இஸ்பெல் எனப் பலர் வந்து சேருவார்கள். முகாமில் உட்கார்ந்து அவர்களோடு பேசலாம். ஒவ்வொருவரும் சீட்டுக்கட்டில் ஒரு பலமான சீட்டும்கூட. நாளாக ஆக, அவர்களை நடுவில் வைத்தே ஆட்டத்தைப் பின்னத் தொடங்குவோம். இன்ன சீட்டுக்குப் பக்கத்தில் இவரைப் போட வேண்டும், அரசியின் திறனைப் பயன்படுத்தும்போது இவர் எழுந்து நிற்பார் என்று கை பழகிவிடும். அப்போது கதையில் நாம் எடுக்கும் ஒரு முடிவு அவர்களில் ஒருவருக்குப் பொறுக்காது. அவர் முகாமை விட்டுப் போய்விடுவார். அடுத்த சண்டையில் கட்டைத் திறந்தால் அந்தச் சீட்டு இருக்காது.

இதைவிடச் சரியாக ஒரு பிரிவைச் சீட்டாட்டத்தில் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. வசனத்தில் கோபித்துக்கொண்டு போகும் பாத்திரங்களை எத்தனையோ விளையாட்டுகளில் பார்த்திருக்கிறோம், ரெண்டு நிமிஷத்தில் மறந்துபோகும். இங்கே அவர் இல்லாத ஓட்டை ஒவ்வொரு சண்டையிலும் தெரியும். அந்த ஓட்டையைச் சுற்றிப் புதிதாக ஒரு கட்டைக் கோக்க வேண்டியிருக்கும். ஒருவர் போனதற்கு நாமும் ஒரு காரணம் என்பது கைக்கே தெரிந்துகொண்டிருக்கும். இதனால்தான் மறுபடி ஆடும்போது அது வேறு ஆட்டமாகிறது. வேறு முடிவெடுத்தால் வேறு ஆட்கள், வேறு ஆட்கள் என்றால் வேறு கட்டு, வேறு கட்டு என்றால் வேறு விதமான சண்டை. கடைசியில் உலகம் எப்படி நிற்கும் என்பதற்கு 20 விதங்கள் இருப்பதாகத் தயாரித்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அவ்வளவையும் யாரும் பார்க்க வேண்டியதில்லை. இரண்டாம் முறை ஒன்று நிச்சயம் பார்க்கலாம். ஸ்டீம்வேர்ல்டில் இரண்டாம் முறைக்குச் சீட்டுகளை மாற்றிப் பார்க்கும் சுகம் மட்டுமே மிச்சம்.

இத்தனை இருந்தும் விற்பனை எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்று சிடி ப்ராஜெக்டே பிறகு சொன்னது. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாய்ஸ் ஆஃப் கார்ட்ஸில் ஊர், பாதை, ஆள், அரக்கன் எல்லாமே மேசையில் கவிழ்த்து வைத்த சீட்டுகள். கதை முழுவதையும் ஒரே ஒரு கதைசொல்லியின் குரல் நடத்திச் செல்லும். படைப்பு இயக்குநர் யோகோ தாரோ, இசைக்குக் கெய்ச்சி ஒகபே போன்றவர்கள் இருப்பதால் அதன் மனநிலையே தனி. ஆனால் அதில் கட்டு அமைக்கும் வேலை இல்லை. ஆளுக்குச் சில திறன்கள், அவற்றுக்கு ரத்தினக் கற்கள், சில இடங்களில் பகடை. சீட்டு அங்கே தோற்றம், சண்டை பழைய பாணி. மழை நாளில் நிதானமாக ஆட நல்லது.

பேட்டன் கைட்டோஸில் சீட்டுக்குள் காலம் ஓடுகிறது. சீட்டுக்கட்டில் வைத்த உணவு நாளடைவில் மாறிக்கொண்டே போகும். வாழைப்பழம் அழுகும். சீட்டின் மூலைகளில் இருக்கும் எண்களை ஜோடியாகவோ வரிசையாகவோ சேர்த்தால் அடி கூடும். கதை கட்டுக்குள் இறங்காவிட்டாலும், உலகம் கட்டுக்குள் இறங்கும் அபூர்வமான யோசனை இது. நான் முதல் பாகத்தில் பாதி தூரம்தான் போயிருக்கிறேன். முழுதாக முடித்தவர்கள் இதை என் வரிசையில் மேலே ஏற்றினாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

சரி, எதை வாங்குவது? சீட்டாட்டமே புதிது என்றால், அல்லது வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆட வேண்டும் என்றால், ஸ்டீம்வேர்ல்டு குவெஸ்டில் தொடங்குங்கள். விதிகள் சீக்கிரம் பிடிபடும், கதை இதமானது. த்ரோன்பிரேக்கர் பெரியவர்களுக்கானது. போர், படுகொலை, இனவெறி எல்லாம் நேராக வரும். விட்சர் கதைகள் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, க்வென்ட்டும் தெரிந்திருக்க வேண்டாம், உள்ளேயே சொல்லித்தருகிறார்கள். கணினி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் எல்லாவற்றிலும் உண்டு. 2020இல் ஐபோனுக்கும் 2021இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. வாசிக்க வேண்டிய எழுத்து அதிகம் என்பதால் முடிந்தவரை பெரிய திரையில் ஆடுங்கள். சண்டை பிடிக்கவில்லை, கதை மட்டும் போதும் என்றால் எளிய நிலையில் சண்டையைத் தாண்டிப் போகவும் வழி வைத்திருக்கிறார்கள். நான் மட்டும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் சண்டையைத் தாண்டினால் போனவரின் இடம் காலியாக இருப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.