லேப்டாப் டெபாசிட் கேட்கிறார்களா? ஆஃபர் லெட்டரின் அடிப்பகுதியை முதலில் படியுங்கள்

சென்னையில் ஐடி வேலை தேடும் ஃப்ரெஷர்களைக் குறிவைத்து ஒரே மாதிரியான மோசடி திரும்பத் திரும்ப நடக்கிறது. கம்பெனிப் பெயர் மாறும், கட்டடம் மாறும், முறை மட்டும் மாறாது. ரெஸ்யூமே பார்த்தோம் என்று எச்ஆர் பேசுவார். ஃபோனிலேயே பதினைந்து நிமிட இன்டர்வியூ முடியும். மாலைக்குள் மெயிலில் ஆஃபர் லெட்டர் வந்துவிடும். மறுநாள் காலை அதே எச்ஆர், "லேப்டாப்புக்கு டெபாசிட் கட்டணும், மூணாவது மாசச் சம்பளத்தோட திருப்பிக் கொடுத்துருவோம். இன்னிக்கு ஆறு மணிக்குள்ள கட்டலைன்னா அடுத்த கேண்டிடேட்டுக்குப் போயிடும்" என்பார். வீட்டில் நகையை அடகு வைத்துக் கட்டுகிறார்கள். சேரும் நாளன்று ஒரிஜினல் மார்க்‌ஷீட்டையும் வாங்கிக்கொள்வார்கள். இரண்டு மாதம் ஏதோ ட்ரெய்னிங் ஓடும், சம்பளத் தேதி தள்ளிக்கொண்டே போகும். ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், "அவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களே" என்பார் பிசினஸ் சென்டர் ரிசப்ஷனில் இருப்பவர்.

இப்படி ஏமாந்த ஒருவர் கையில் இருந்த ஆஃபர் லெட்டரில் பணம் கட்டும் முன்பே எல்லாம் தெரிந்திருக்கும். மேலே பெரிய எழுத்தில் 'பிரைவேட் லிமிடெட்'. ஆனால் லெட்டர்ஹெட்டில் சிஐஎன், அதாவது கம்பெனியின் அடையாள எண், இல்லை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, கம்பெனியின் கடிதத் தாளில் பெயர், பதிவு அலுவலக முகவரி, சிஐஎன் ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். அடியில் ஜிஎஸ்டி எண் மட்டும் இருந்தது. அந்த 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து, அதாவது ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது எழுத்து, அந்த எண் யாருடையது என்பதைச் சொல்லும்: கம்பெனி என்றால் ஆங்கில 'சி', கூட்டு வணிகம் என்றால் 'எஃப்', தனி நபர் என்றால் 'பி'. இந்தக் கடிதத்தில் இருந்தது 'பி'. பிரைவேட் லிமிடெட் என்று சொல்லிக்கொண்டு தனி ஆளின் ஜிஎஸ்டி எண்ணை அச்சடித்திருந்தார்கள். அதே எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் 'டேக்ஸ்பேயர் தேடல்' பகுதியில் போட்டால் சட்டப்படியான பெயர், பதிவான தேதி, முகவரி, ரிட்டர்ன் தாக்கல் செய்த மாதங்கள் எல்லாம் வரும். பத்து ஆண்டு அனுபவம் என்று பேசும் நிறுவனத்தின் பதிவு நான்கு மாதம் முந்தையது என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

சிஐஎன் கொடுத்திருந்தால் அதையும் பிரித்துப் படியுங்கள். மொத்தம் 21 எழுத்துகள். முதல் எழுத்து 'எல்' என்றால் பங்குச் சந்தையில் உள்ளது, 'யு' என்றால் இல்லாதது. பிறகு தொழிலைக் குறிக்கும் ஐந்து இலக்கம், மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, தொடங்கிய ஆண்டுக்கு நான்கு இலக்கம், கம்பெனி வகைக்கு மூன்று எழுத்து, கடைசியில் ஆறு இலக்கப் பதிவு எண். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் 'கம்பெனி மாஸ்டர் டேட்டா' பார்க்கும்போது பலர் 'ஆக்டிவ்' என்ற சொல்லோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அது போதாது. கடைசி ஆண்டுப் பொதுக்கூட்டத் தேதியையும் கடைசி பேலன்ஸ் ஷீட் தேதியையும் பாருங்கள். அவை இரண்டு மூன்று ஆண்டு பின்தங்கியிருந்தால் கம்பெனி பெயருக்குத்தான் உயிரோடு இருக்கிறது. உத்யம் பதிவையும் ஐஎஸ்ஓ சான்றிதழையும் ஆதாரமாகக் காட்டினால் மயங்க வேண்டாம். உத்யம் என்பது சிறு, குறு நிறுவனங்கள் தாங்களே சொல்லிப் பதிவு செய்துகொள்வது.

எங்கள் அனுபவத்தில் ஏமாற்றைப் பிடிக்க மிகவும் உதவுவது பிஎஃப் பதிவுதான். ஆனால் வேலை தேடுகிறவர்கள் கடைசியாகத்தான் அங்கே வருகிறார்கள். பிஎஃப்பை நிர்வகிக்கும் இபிஎஃப்ஓவின் தளத்தில் 'எஸ்டாப்ளிஷ்மென்ட் தேடல்' என்று ஒரு பக்கம் உண்டு. கம்பெனிப் பெயரின் ஒரு பகுதியைப் போட்டாலே பட்டியல் வரும். அதில் பணம் செலுத்திய விவரத்தைத் திறந்தால் எந்த மாதச் சம்பளத்துக்கு, எந்தத் தேதியில், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்பது வரிசையாக இருக்கும். "எங்ககிட்ட முந்நூறு பேர் வேலை பார்க்கிறாங்க" என்பவர் ஏழு பேருக்குக் கட்டியிருந்தால் வேறு சாட்சி வேண்டாம். இருபது பேருக்குக் கீழே உள்ள சின்ன கம்பெனிக்கு பிஎஃப் கட்டாயமில்லை, அதனால் பெயர் இல்லை என்பதாலேயே மோசடி என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் ஆஃபர் லெட்டரின் சிடிசியில் (ஆண்டு மொத்தச் சம்பளக் கணக்கில்) பிஎஃப் பிடித்தம் காட்டிவிட்டு, தேடினால் பெயரே வராவிட்டால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

போலி இல்லாத கம்பெனிகளை எடைபோடவும் இதே பக்கம் உதவும். ஒரு மாதத்துக்கான பிஎஃப் தொகையை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தொடர்ந்து ஐந்தாறு மாதம் தாமதமாகக் கட்டியிருந்தால் கையில் பணம் ஓட்டமில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். அங்கே சம்பளமும் தள்ளிப் போக வாய்ப்பு அதிகம். ஆள் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் சரிகிறதா என்றும் பாருங்கள். கையில் இருக்கும் வேலையை ராஜினாமா செய்வதற்கு முன்பு இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் ஏமாறுகிறவர்கள் உண்டு. பெரிய கம்பெனியின் உண்மையான சிஐஎன்னையும் லோகோவையும் எடுத்து ஒட்டி லெட்டர் தயாரிப்பார்கள். இங்கே கவனிக்க வேண்டியது மெயில் முகவரி. '@' குறிக்குப் பின்னால் இருப்பதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, கம்பெனியின் வெப்சைட் முகவரியோடு ஒப்பிடுங்கள். நடுவில் ஒரு கோடு போட்டு 'கேரியர்ஸ்' என்று சேர்த்திருந்தால் அது வேறு டொமைன். டொமைன் பதிவு விவரம் காட்டும் ஹூஇஸ் தேடலில் அந்த டொமைன் பதிவான தேதி தெரியும். போன மாதம் பதிவானதாக இருந்தால் விட்டுவிடுங்கள். லெட்டரில் உள்ள நம்பருக்கு ஃபோன் செய்து விசாரிப்பதில் பயனில்லை, எடுப்பவரும் அவர்கள் ஆள்தான். கம்பெனியின் வெப்சைட்டில் உள்ள நம்பருக்கு நீங்களாக அழையுங்கள். யுபிஐயில் பணம் அனுப்பப் போகும்போது திரையில் ஒரு தனி மனிதரின் பெயர் வந்தால் பின் நம்பரைப் போடாதீர்கள்.

வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட்டின் பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் தேடுங்கள். சட்டப்படி ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். "டூரிஸ்ட் விசாவில் தாய்லாந்து போங்க, அங்கே மாத்திக்கலாம்" என்பவரிடம் பாஸ்போர்ட்டையே காட்டாதீர்கள். அப்படிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மர் எல்லையில் சைபர் மோசடிக் கும்பல்களிடம் சிக்கியிருக்கிறார்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் கம்பெனியோடு சண்டை போட்டு நேரத்தை விட வேண்டாம். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும். பரிவர்த்தனையின் யுடிஆர் எண் (வங்கி தரும் குறிப்பு எண்), பணம் போன கணக்கு அல்லது யுபிஐ முகவரி, ஆஃபர் லெட்டர், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். சென்னையில் கமிஷனர் அலுவலகத்தின் மத்தியக் குற்றப் பிரிவில் வேலைவாய்ப்பு மோசடிகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கூட ஏமாந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒன்றாகப் போங்கள். ஒரிஜினல் சான்றிதழ்கள் அவர்களிடம் இருந்தால், எந்தெந்தச் சான்றிதழ், எந்தத் தேதியில், யார் கையில் கொடுத்தீர்கள் என்பதைப் புகாரிலேயே தனியாக எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.