‘ஒன்லி’ என்றால் தானா, மட்டுமா? ஒரு திருத்தச் செயலியோடு மூன்று மாதம்

ஆங்கிலத்தில் எழுதுவதைத் திருத்தித் தரும் செயலி ஒன்றை மூன்று மாதமாகப் பயன்படுத்தி வருகிறேன். மொழிபெயர்ப்பு என் பிழைப்பு என்பதால் நாள் முழுக்க அது திறந்தே இருக்கும். எழுத்துப்பிழை, ஒருமை பன்மை, ‘ஏ’, ‘தி’ இதிலெல்லாம் நல்ல கெட்டி. ‘ஒன்லி’ வந்தால்தான் தடுமாறுகிறது.

ஒருநாள், ‘தி ஃபைல் இஸ் இன் தட் ஃபோல்டர் ஒன்லி’ என்று எழுதினேன். ‘அந்த ஃபோல்டரில்தான் இருக்கிறது’ என்பது மனதில் இருந்தது. செயலி சிவப்புக் கோடு போட்டு, ‘ஒன்லி’யை ‘இஸ்’ பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. நானும் சரி என்று அழுத்தி அனுப்பிவிட்டேன். ‘அப்படியானால் வேறு பிரதியே கிடையாதா?’ என்று பதறிப்போய்ப் பதில் வந்தது.

‘தான்’ வேறு, ‘மட்டும்’ வேறு. ‘ஒன்லி’ பெரும்பாலும் ‘மட்டும்’. வெறும் அழுத்தத்துக்காக வரும் ‘தான்’ என்றால் ஆங்கிலத்தில் அதை எடுத்துவிடுவதுதான் திருத்தம். ‘இட்ஸ் இன் தட் ஃபோல்டர்’ போதும். செயலியோ சொல்லை இடம் மாற்றுகிறதே தவிர, வேண்டாம் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அதற்காக எல்லாத் ‘தானை’யும் தூக்கிவிடவும் முடியாது. ‘நேற்றுதான் அனுப்பினேன்’ என்பதற்கு ‘ஐ ஒன்லி சென்ட் இட் யெஸ்டர்டே’ அருமையாகப் பொருந்தும்.

அதற்கும் கோடு போடுகிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ‘யெஸ்டர்டே’வுக்கு முன்னால்தான் வர வேண்டுமாம். வினைச்சொல்லுக்கு முன்னால் ‘ஒன்லி’ வைப்பது ஆங்கிலத்தில் இயல்பு. ‘ஹி ஒன்லி டைட் எ வீக் அகோ’ (ஒரு வாரம் முன்புதான் இறந்தார்) என்ற வாக்கியத்தைத் திருத்தக் கிளம்புகிறவர்களை ஆங்கில மொழிவழக்கு அறிஞர் ஃபவுலர் 1926லேயே தம் மொழிவழக்கு அகராதியில் கண்டித்துவிட்டார். குழப்பம் வரும் இடத்தில் மட்டும் இடம் பார்த்தால் போதும். ‘ஒன்லி ஷி டோல்ட் மீ’ என்றால் சொன்னது அவள் ஒருத்திதான். ‘ஷி டோல்ட் ஒன்லி மீ’ என்றால் கேட்டது நான் ஒருவன்தான். நமக்கு இந்தத் தொல்லை இல்லை, ‘மட்டும்’ எந்தச் சொல்லுக்கோ அதோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு விஷயத்துக்கு மனதாரப் பாராட்ட வேண்டும். ‘ஒன்லி தென் ஐ அண்டர்ஸ்டுட்’ என்று பல வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன். ‘ஒன்லி தென்’ முதலில் வந்தால் வினை கேள்வி போலத் திரும்பும், ‘ஒன்லி தென் டிட் ஐ அண்டர்ஸ்டேண்ட்’ என்று இரண்டே வரியில் விளக்கியது. அதற்கப்புறம் நான் அதில் தவறவே இல்லை.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். செய்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: வாக்கியக் கடைசியில் ‘ஒன்லி’ வந்தால் உடனே நகர்த்தாதீர்கள். ‘வேறெங்கும் இல்லை என்கிறீர்களா, அல்லது அழுத்திச் சொல்கிறீர்களா?’ என்று எழுதியவரிடம் முதலில் கேளுங்கள்.