ஊட்டி வீட்டுக்கு லாப்ரடாரா, நாட்டு நாயா?

குளிரை மட்டும் பார்த்தால் லாப்ரடாருக்குத்தான் ஓட்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு குளிர்கடலில் நீந்திய நாய்களின் வம்சம், இரட்டை அடுக்கு ரோமம். 2,240 மீட்டர் உயரக் குளிரெல்லாம் அதற்குச் சும்மா. ஆனால் ஜூலை மழையில் தொங்கும் காதுக்குள் ஈரம் தங்கிவிடும். மடலைத் தூக்கினால் பழுப்பு அழுக்கு, குப்பென்று நாற்றம். அடிக்கடி துடைக்க வேண்டும். தீனியும் அளந்துதான்; குண்டானால் இடுப்பு போச்சு.

நாட்டு நாய்க்கு ரோமம் குட்டை, ராத்திரி படுக்கச் சாக்கு வேண்டும். சரி, அவ்வளவுதான். தேயிலைக்குள் காட்டுமாடு நின்றால் கிட்டே போகாமல், விடாமல் குரைத்துச் சொல்லும். (லாப்ரடார் வாலாட்டிக்கொண்டு போகும்!) என் கட்சி நாட்டு நாய்தான்.

எதை வளர்த்தாலும் வருஷா வருஷம் வெறிநாய்த் தடுப்பூசி போடுங்கள். அப்புறம், இருட்டியதும் வீட்டுக்குள் விட்டுவிடுங்கள். வாசலில் கட்டிப்போட்டால் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விடும்.