ஜெல் ஷிஃப்ட்டா, ஃபுட்பிரிண்டிங்கா, சிப்பா?

ஒரு புரதம் டி.என்.ஏ.வில் ஒட்டுகிறதா என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் நான் முதலில் எடுப்பது ஜெல் ஷிஃப்ட்தான். அடையாளமிட்ட டி.என்.ஏ. துண்டைப் புரதத்தோடு கலந்து பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் மின்சாரம் செலுத்தி ஓட்டினால், புரதம் ஏறிய துண்டு மெதுவாக நகர்ந்து மேலே நிற்கும். வெறும் துண்டு கீழே ஓடிவிடும். துண்டுகளில் சிறு பங்கில் ஒட்டியிருந்தாலே மேல் பட்டை தெரியும்.

பட்டை வந்துவிட்டதே என்று துள்ளக் கூடாது. பல புரதங்கள் எந்த டி.என்.ஏ.வையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அடையாளமிடாத அதே வரிசையை மிகுதியாகச் சேர்த்தால் பட்டை மறைய வேண்டும். ஒட்டும் இடத்தில் எழுத்துகளை (A, T, G, C என்னும் காரங்களை) மாற்றிய வரிசையைச் சேர்த்தால் மறையக் கூடாது. இந்த இரண்டு லேன்களும் (ஜெல்லில் ஒரு மாதிரி ஓடும் பாதைகள்) இல்லாத ஜெல் படத்தை நான் நம்புவதில்லை. பட்டைக்குப் பதில் மேலிருந்து கீழே புகை போல இழுவிக்கிடந்தால், பெரும்பாலும் ஓடும்போதே புரதம் கழன்றுகொண்டிருக்கிறது.

எந்த எழுத்துகளில் ஒட்டுகிறது என்பதை ஜெல் ஷிஃப்ட் நேரடியாகச் சொல்லாது. அதற்கு 1978இல் காலஸும் ஷ்மிட்ஸும் வெளியிட்ட டிஎன்ஏஸ் (டி.என்.ஏ.வை வெட்டும் நொதி) ஃபுட்பிரிண்டிங் இருக்கிறது. ஒரு முனையில் மட்டும் அடையாளமிட்ட துண்டை, சராசரியாக மூலக்கூறுக்கு ஒரு வெட்டுக்கு மேல் விழாதபடி நொதியால் லேசாக வெட்டுவார்கள். ஜெல்லில் ஏணிப்படி போலப் பட்டைகள் வரும். புரதம் மூடிய இடத்தில் படிகள் காணாமல் போகும். பக்கத்தில் அதே துண்டின் எழுத்து வரிசையைக் காட்டும் ஏணியை ஓட்டினால் எழுத்து எழுத்தாகப் படிக்கலாம்.

இதில்தான் பொறுமை சோதிக்கப்படும். நொதி ஒரு துளி கூடினால் எல்லாம் பொடிப்பொடி. துண்டுகளில் பெரும்பகுதி புரதத்தால் மூடப்படாவிட்டால் இடைவெளி மங்கிவிடும். டிஎன்ஏஸ் I என்ற இந்த நொதி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெட்டாது என்பதால், புரதமில்லாத லேன் இல்லாமல் எதையும் சொல்ல முடியாது. நொதியே பருமனானது, அதனால் தடம் (படிகள் இல்லாத அந்த இடைவெளி) உண்மையான இடத்தைவிட அகலமாகத் தெரியும். நுணுக்கம் வேண்டுவோர் நொதிக்குப் பதில் டி.என்.ஏ.வை வெட்டும் மிகச் சிறிய ஹைட்ராக்சில் ரேடிகலுக்குப் போகிறார்கள்.

இரண்டும் குழாய்க்குள் நடப்பவை. உயிருள்ள செல்லில் ஒட்டுகிறதா என்பதைச் சிப் (ChIP) காட்டும்: புரதத்தை டி.என்.ஏ.வோடு ஃபார்மால்டிஹைடால் பிணைத்து, துண்டாக்கி, அந்தப் புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடியால் பிடித்தெடுப்பது. ஆன்டிபாடி மோசமென்றால் மொத்தமும் வீண். ஃபார்மால்டிஹைடு புரதத்தையும் புரதத்தையும்கூடக் கோத்துவிடும். ஆகவே சிப்பில் சிகரம் வந்த, அதாவது மிகுதியாகப் பிடிபட்ட, வரிசையை எடுத்துத் திரும்ப ஜெல் ஷிஃப்டில் ஓட்டிப் பார்ப்பேன். தூய புரதத்தை எவ்வளவு கூட்டியும் மேல் பட்டை வரவில்லையென்றால், அது வேறொரு புரதத்தின் தோளில் ஏறித்தான் அங்கே வந்திருக்கிறதோ என்று தேடத் தொடங்குவேன்.