ஈப்போவில் ஒரு சின்சேயும் என் கோணிய முகமும்

ஊருக்கு வந்த நான்காம் நாள் காலை. அம்மா கலக்கிக் கொடுத்த கோப்பியை வாயில் வைத்தேன். பாதி உள்ளே போனது, பாதி வலது வாயோரமாக வழிந்து சட்டையில் விழுந்தது. "ஏன்டி, சின்னப் பிள்ளை மாதிரி..." என்று ஆரம்பித்த அம்மா, என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். கண்ணாடிக்கு ஓடினேன். சிரித்தால் இடது பக்கம் மட்டும் சிரிக்கிறது. கண்ணை மூடினால் வலது கண் வெள்ளை தெரிய அப்படியே நிற்கிறது.

பெர்த்துக்குப் போய் 22 வருடம் ஆகிறது. ஈப்போவுக்கு வந்தால் கல்யாணம், கோயில், பல் டாக்டர் என்று ஐந்து வாரம் ஓடிவிடும். இந்த முறை ஐந்து வாரமும் என் முகத்துக்கே சரியாகிவிட்டது. ஊரில் வைத்தியத்துக்கு யாரிடம் போவது, என்ன செலவு, எங்கே உஷாராக இருக்க வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து பலர் கேட்பதால் எழுதி வைக்கிறேன்.

பக்கவாதம்தான் என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். தம்பி சிவப்பு விளக்கை மதிக்காமல் ஓட்டி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் கொண்டுபோய் விட்டான். பதிவு முகப்பில் அடையாள அட்டை கேட்டார்கள். ஆஸ்திரேலியக் கடப்பிதழை நீட்டினேன். மலேசியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது, அட்டையைத் திருப்பிக் கொடுத்தவள் நான். ஊர்க்காரர்களுக்கு 1 வெள்ளியில் (ரிங்கிட்) முடிகிற பதிவு எனக்கு வேறு பட்டியலில் வந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

உள்ளே இருந்த இளம் மலாய் டாக்டர் கேட்ட முதல் காரியம், "நெற்றியைச் சுருக்குங்கள்." வலது பக்கம் அசையவில்லை. அவர் முகம் தெளிந்துவிட்டது. நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருமாம். மூளையில் ஒரு பக்கம் அடிபட்டால் வாய் கோணும், ஆனால் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். நெற்றியும் சேர்ந்து செத்துக் கிடந்தால், கோளாறு முகத்துக்கு வரும் ஏழாம் நரம்பில் இருக்க வாய்ப்பு அதிகம். கை, கால், பேச்சு, காதில் கொப்புளம் எல்லாம் பார்த்துவிட்டு, "பெல்ஸ் பால்சி" என்று எழுதினார். 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை, காலையில் 12, சாப்பிட்ட பிறகு. மூன்று நாளைக்குள் தொடங்கினால்தான் பலன், நீங்கள் மூன்று மணி நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்றார். கண்ணுக்குச் சொட்டு மருந்து, இரவில் இமையை மூடி ஒட்டப் பிளாஸ்திரி. முகத்தை விடக் கண்ணைப் பற்றித்தான் அதிகம் எச்சரித்தார். மூடாத கண் காய்ந்தால் கருவிழியில் புண் வரும்.

வீட்டுக்கு வந்தால் அக்கம்பக்கம் முழுக்கத் திண்ணையில். ஈரத் தலையோடு காற்றாடிக்கு நேரே படுத்தாயா? "காத்து பட்டிருச்சு." எதிர்வீட்டு மலாய்க்கார அக்காவும் 'அங்கின்' என்றார். மலாயில் பக்கவாதத்துக்கே 'அங்கின் அஹ்மார்' என்றுதான் பெயர், சிவப்புக் காற்று. சீனர்கள் பக்கவாதத்துக்கு வைத்திருக்கும் பெயருக்கும் 'காற்று தாக்கியது' என்பதுதான் பொருள். நம் 'வாதம்' என்ற சொல்லும் காற்றுதானே. ஒரே தெருவில் மூன்று இனமும் சேர்ந்து ஒரே குற்றவாளியைக் கைகாட்டுவதை நான் வேறு எந்த விஷயத்திலும் பார்த்ததில்லை. டாக்டர் மட்டும் கிருமியால் நரம்பு வீங்கியிருக்கலாம், எலும்புக்குள் ஓடும் குறுகலான பாதையில் அது நெரிபடுகிறது என்றார். நான் அன்றிரவே காற்றாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மாத்திரையோடு சீன ஊசி வைத்தியமும் பார்க்கலாம் என்று முதலில் போனது தப்பான இடம். சித்தப்பா மகள் ஆசையாகக் கூட்டிப்போனாள். பேரங்காடியின் இரண்டாம் மாடி, வெள்ளை விளக்கு, மீன் தொட்டி, டாக்டர் மாதிரி மேல்சட்டை போட்ட ஒரு பெண். என் முகத்தை இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. உடனே ஒரு அட்டை: 30 முறை, முன்பணம் 3,200 வெள்ளி, இன்று கட்டினால் 2,800. "நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது, தாமதித்தால் இப்படியே நின்றுவிடும்" என்று ஒரு பயமுறுத்தல். மருத்துவமனை மாத்திரையை நிறுத்தச் சொன்னார், அது உடம்பைச் சூடாக்குமாம். பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் புட்டியில் பழுப்பு நிறக் குளிகைகள். புட்டியில் பெயர் இல்லை, என்ன மூலிகை என்று இல்லை.

மலேசியாவில் விற்கிற பாரம்பரிய மருந்துக்கு 'மால்' என்று தொடங்கி 'டி' என்று முடிகிற பதிவு எண் வேண்டும், மேலே மின்னும் ஒட்டுவில்லையும் இருக்க வேண்டும். ஊரிலிருந்து பொட்டலம் வாங்கிப்போகும் நம்மவர்கள் இதை மட்டுமாவது பார்க்கலாம். எண் இல்லாத 'மூலிகை'யில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்திருக்கிறது. ஏற்கனவே நாள்தோறும் 12 மாத்திரை விழுங்கும் நான் அதன்மேல் இதையும் விழுங்கியிருந்தால்? "அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்தேன். எனக்கு அண்ணனே கிடையாது.

அம்மாவுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. "நம்ம சின்சேகிட்டப் போவோம், வா." சின்சே என்றால் சீன வைத்தியர். அப்பாவுக்கு இடுப்புப் பிடித்தபோதெல்லாம் போன இடம். புந்தோங் பக்கம், கச்சான் பூத்தே (கடலை, முறுக்கு) கடைகளைத் தாண்டி ஒரு பழைய கடைவீடு. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு வந்த சீனர்களோடு வந்த மருந்துக்கடைகள் இவை. பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் ஆட்களும் கூச்சமில்லாமல் படியேறிய கடைகள். முன்னால் நூற்றுக்கணக்கான மர இழுப்பறைகள், பின்னால் திரை போட்ட நான்கு கட்டில்.

பழைய சின்சே போய்விட்டார். இப்போது இருப்பவர் மகன், ஐம்பது வயதிருக்கும். சீனாவில் படித்த சான்றிதழும், 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய வைத்தியச் சட்டத்தின் கீழ் பதிவான தாளும் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கின. அம்மாவைப் பார்த்ததும், "ஆன்ட்டி, சுடா மாக்கான்?" அம்மா பதிலுக்கு, "பசியாறியாச்சு" என்றார். இருபது வருடமாக இருவரும் இப்படித்தான், அவர் மலாயில், இவர் தமிழில்.

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மருத்துவமனை போனீர்களா? என்ன கொடுத்தார்கள்?" மாத்திரைப் பையை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். முடிக்காமல் நிறுத்தக் கூடாது, ஊசி அதனோடு சேர்ந்தே நடக்கட்டும் என்றார். பேரங்காடிப் பெண்ணுக்கு அந்த 2,800 வெள்ளியைக் கொடுக்காமல் வந்தது அந்த நொடியில் இனித்தது. அப்புறம் நாடி. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நம் நாட்டு வைத்தியர் வாதம், பித்தம், கபம் என்று மூன்று விரலில் பிரிப்பதைப் பார்த்தவர் அம்மா, "அதேதான்" என்று தலையாட்டிக்கொண்டார். அதேதானா என்று எனக்குத் தெரியாது, ஆனால் இரண்டு கையிலும் பத்து நிமிடம் பிடித்திருந்தார்.

ஊசி வலிக்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். முடி கனத்துக்கு மேல் சொல்ல முடியாது. ஒருமுறை போட்டதும் தூக்கியெறிகிற எஃகு ஊசி, உறையை என் கண் முன்னால் கிழித்தார். முதல் வாரம் முகத்தில் மூன்று நான்கு மட்டும், அதுவும் மேலாக. நரம்பு வீங்கியிருக்கும்போது துன்புறுத்தக் கூடாதாம். மீதி கையிலும் காலிலும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் 'ஹெகு' என்கிற இடம் இருக்கிறது. முகம், வாய்க் கோளாறு எதற்கும் அங்கே ஒரு ஊசி உண்டு. அதைப் போட்டுத் திருகும்போது "அடா ராசா?" என்பார். ஏதாவது தெரிகிறதா என்று மலாயில் கேட்கிறார். என் தமிழ்க் காதுக்கோ யாரோ கொஞ்சுகிற மாதிரி இருக்கும். தெரிந்தது வலி இல்லை. உள்ளுக்குள் கனத்து, மதமதப்பாக முழங்கை வரை ஏறியது. அது வந்தால்தான் ஊசி 'பிடித்தது' என்று கணக்கு. இரண்டாம் வாரத்திலிருந்து வாயோரம், தாடை, புருவத்துக்கு மேல், காதுக்குப் பின்னால். அரை மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும்.

கஷாயத்தில்தான் சிக்கல். வாய் கோணலுக்கென்றே பேர்போன பழைய சூத்திரம் ஒன்று இருக்கிறது, 'கோணலை நேராக்கும் தூள்' என்று அர்த்தம். மூன்றே சரக்கு: ஒரு நச்சுக் கிழங்கைப் பக்குவம் செய்தது, பூஞ்சணம் பிடித்துச் செத்த பட்டுப்புழு, தேள். இழுப்பறையைத் திறந்து தேளைக் காட்டியதும் அம்மா "முருகா" என்று இரண்டடி பின்னால் போனார். அவருக்கு வெள்ளிக்கிழமை முட்டைகூட ஆகாது. கடையே சிரித்தது. பக்கத்துக் கட்டில் மலாய்க்காரருக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு கொடுக்கிற கஷாயத்தில் மண்புழு சேருமென்று சின்சே வேறு சேர்த்துச் சொன்னார். அந்த மனிதரின் முகத்தில் ஓடியதைப் பார்க்க வேண்டுமே. பாவம், அதுவரை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

எனக்குத் தேள் வேண்டாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. ஏழெட்டு வேர், பட்டை வைத்து வேறு பொட்டலம் கட்டினார். கட்டும்போது கை நின்றது. "ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள், இல்லையா?" அதிமதுரத்தைத் திரும்ப இழுப்பறையில் போட்டார். அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பிலுள்ள பொட்டாசியத்தைக் குறைக்கும், பிரெட்னிசோலோனும் அதையே செய்யும். மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு காட்சி போதும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். சீனக் கஷாயங்களில் அடிக்கடி சேரும் 'தாங்குவெய்' வேர் அந்த மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு வரை போகலாம். எந்தச் சின்சேயானாலும் மாத்திரைப் பையை எடுத்துப்போய்க் காட்டுங்கள். அவர் அதைப் பார்க்கவே இல்லையென்றால் கஷாயத்தை வாங்காதீர்கள்.

மூன்று கிண்ணம் தண்ணீரை முக்கால் கிண்ணமாக வற்றவைக்க வேண்டும், மண்சட்டியில் மட்டும். நம் கஷாயக் கணக்குதான். சுவை? ஈர மரக்கட்டையை நக்கியது போல. அதுவும் பாதி வழிகிற வாயால் குடிப்பது தனி வித்தை, கடைசியில் உறிஞ்சுகுழாய் போட்டேன்.

காத்திருக்கும் நேரம்தான் எனக்குப் பிடித்த நேரம். ஒரு முன்னாள் மண்டோர் (கங்காணி), இனிப்பு நீர் முற்றி இரண்டு பாதமும் மரத்துப்போனவர், சூட்டு விளக்கைக் காலுக்கு வைக்கச் சொல்லித் தினமும் சண்டை. சின்சே கடைசி வரை வைக்கவில்லை. உணர்ச்சியில்லாத காலில் சூடு பட்டால் வெந்தது தெரியாது, புண் ஆறாது. "காலை இழந்துவிட்டு என்னைத் திட்டுவாய்" என்பார். அரசு மருத்துவமனைகளிலேயே ஊசிப் பிரிவு இருப்பதை எனக்குச் சொன்னவரும் இந்த மண்டோர்தான். 2007இல் பினாங்கின் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் தொடங்கியது, இப்போது பல ஊர்களில் இருக்கிறது. நாள்பட்ட வலி, பக்கவாதத்துக்குப் பிந்தைய தேறுதல் ஆகியவற்றுக்கு டாக்டர் அனுப்பினால் போகலாம். ஊரில் பெற்றோர் பக்கவாதத்தில் விழுந்தவர்கள் தனியாரிடம் ஓடுமுன் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

செலவு: ஊசிக்கு ஒவ்வொரு முறையும் 60 வெள்ளி, கஷாயப் பொட்டலம் 18. மொத்தம் 10 முறை போனேன், அது அவர்கள் கணக்கில் ஒரு சுற்று. முன்பணம் கேட்கவில்லை, ரசீது கேட்டதும் எழுதிக் கொடுத்தார். பெர்த்தில் ஒரு முறைக்கே நூறு டாலரை எட்டுகிறது. ஒன்று மட்டும் குறை: நேரம் வாங்கிப் போனாலும் ஒரு மணி நேரம் காக்க வேண்டும், கழிப்பறை படு மோசம்.

குணமானதா? பதினேழாம் நாள் பல் தேய்த்துக் கொப்பளித்தேன், தண்ணீர் சிந்தவில்லை. இருபத்து மூன்றாம் நாள் வலது கண் முழுதாக மூடியது. அம்மா அழுதார், தேங்காய் உடைத்தார். ஊசியா, மாத்திரையா, முருகனா?

இரவில் ஒரு கண்ணை ஒட்டிக்கொண்டு மறு கண்ணால் கைப்பேசியில் தேடிப் படித்தேன். 2007இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில், பிரெட்னிசோலோன் சாப்பிட்டவர்களில் 94 விழுக்காட்டினர் ஒன்பது மாதத்தில் முழுதாகத் தேறினார்கள். சாப்பிடாதவர்களிலும் 82 விழுக்காடு. அதாவது சும்மா இருந்தாலே பெரும்பாலோருக்குச் சரியாகிற நோய் இது. எந்த வைத்தியரும் பேர் வாங்க இதைவிட நல்ல நோய் கிடைக்காது. 2013இல் வந்த சீன ஆய்வு ஒன்றில் 338 பேர். எல்லோருக்கும் ஸ்டீராய்டும் ஊசியும். அந்த மதமதப்பு வரும்வரை ஊசியைத் திருகியவர்கள், சும்மா குத்திவிட்டு விட்டவர்களைவிட ஆறு மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஆனால் ஊசியே போடாத கூட்டம் அதில் இல்லை. ஆக, என் முகத்தைத் திருப்பியதில் ஊசியின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது. முதல் நாள் மாத்திரை இல்லாமல் ஊசிக்கு மட்டும் போயிருக்க மாட்டேன், அது நிச்சயம். 600 வெள்ளி வீணா என்றால், அதுவும் இல்லை. வாரம் மூன்று முறை ஒருவர் என் புருவத்தைத் தொட்டுப் பார்த்து, "நேற்றைவிட ஒரு நூல் ஏறியிருக்கிறது" என்று சொன்னார். கோணிய முகத்தோடு ஊரில் நடமாட அந்தச் சொல் தேவைப்பட்டது. மருத்துவமனையில் அடுத்த சந்திப்பு ஆறு வாரம் கழித்து.

பெர்த் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. அலுத்துப்போன நாளில் மட்டும் வலது புருவம் பின்தங்குகிறது. கஷாயச் சட்டியை அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாராம். அதில் இனி வேறு எதுவும் வைக்க முடியாது, வாடை போகவே மாட்டேன் என்கிறதாம்.