வட்டிக்கு வரம்பா, தவணைக்கு வரம்பா? ரிசர்வ் வங்கி பார்த்த இரண்டு வழிகள்

குழு லோன் பற்றிப் பேச்சு வந்தாலே, "இந்த வட்டியை ரிசர்வ் வங்கி ஏன் கட்டுப்படுத்துவதில்லை?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். கட்டுப்படுத்திப் பார்த்தாயிற்று. 2011 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, பத்து வருடத்துக்கும் மேலாக, இந்த லோனைத் தரும் மைக்ரோஃபைனான்ஸ் நிறுவனங்களின் (சுருக்கமாக எம்எஃப்ஐ) வட்டிக்கு வரம்பு இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது போய், கடன் வாங்குபவரின் தவணைக்கு வரம்பு வந்தது. எது மேல்?

முதலில் பழையது. 2010 அக்டோபரில் ஆந்திர அரசு எம்எஃப்ஐக்களைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் போட, அங்கே வசூல் அப்படியே படுத்துவிட்டது. பிறகு ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழுவின் அறிக்கை, அதைத் தொடர்ந்து என்பிஎஃப்சி (வங்கி அல்லாத நிதி நிறுவனம்) வகையில் என்பிஎஃப்சி-எம்எஃப்ஐ என்று தனிப் பிரிவு, 26% வட்டி வரம்பு. 2014-லிருந்து கணக்கு மாறியது: நிறுவனம் பணம் திரட்டும் செலவோடு 10% (சிறிய நிறுவனம் என்றால் 12%), இல்லையென்றால் ஐந்து பெரிய வங்கிகளின் சராசரி அடிப்படை வட்டியைப் போல 2.75 மடங்கு, இரண்டில் எது குறைவோ அது. இன்னொரு விதியும் இருந்தது, அதைத்தான் பலர் மறந்துவிட்டார்கள்: ஒருவருக்கு இரண்டு எம்எஃப்ஐக்கு மேல் கடன் தரக்கூடாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விதி எம்எஃப்ஐக்களுக்கு மட்டும்தான், வங்கிகளுக்கு இல்லை. 2015-இல் சிறு நிதி வங்கி தொடங்க அனுமதி வாங்கிய பத்துப் பேரில் எட்டுப் பேர் எம்எஃப்ஐக்கள். வங்கியாக மாறியதும் அதே தெருவில், அதே பெண்களுக்கு, விதிக்கு வெளியே நின்று கடன் தரலாம். இன்னும் வேடிக்கை, மலிவாகப் பணம் கிடைக்கும் வங்கிகளும்கூட அந்த வரம்பை ஒட்டியே வட்டி போட்டன. வரம்பே விலைப்பட்டியல் ஆகிவிட்டது என்பதை ரிசர்வ் வங்கியே 2021-இல் தன் ஆலோசனை அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

சரி, புதியது. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் தரும் எந்தக் கடனும் மைக்ரோஃபைனான்ஸ்தான், வங்கி கொடுத்தாலும் என்பிஎஃப்சி கொடுத்தாலும். வட்டியை நிறுவனமே முடிவு செய்யலாம், அநியாய வட்டியாக இருக்கக்கூடாது என்பதோடு சரி. ஆனால் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. கூடவே, எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டியை எளிய விவரத் தாளில் எழுதித் தர வேண்டும்.

இந்தத் தாளை நான் பெரிதாக நினைக்கிறேன். ஐம்பதாயிரம் கடன், 24 மாதம், "வெறும் 12 பர்சென்ட் ஃபிளாட்" என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள், அதாவது கடைசி வரை முழு அசலுக்கும் வட்டி. வட்டி 12,000, மாதத் தவணை சுமார் 2,583. அசல் மாதாமாதம் குறைவதை வைத்துப் போட்டுப் பார்த்தால் அது கிட்டத்தட்ட 21.6%. வாயால் சொன்னது 12, தாளில் வர வேண்டியது 21.6.

பாதி வருமானம் என்ற விதியில்தான் எனக்குச் சங்கடம். மாதம் 25,000 வருகிற வீட்டில் 12,500 போனாலும் எப்படியோ ஓட்டிவிடலாம். பத்தாயிரம் வருகிற வீட்டில் ஐந்தாயிரம் தவணைக்குப் போனால் மிச்சத்தில் என்ன செய்வது? அதைவிட, அந்த வருமானத்தை எழுதுவது யார்? ஆள் பிடிக்க டார்கெட் உள்ள ஃபீல்டு ஆபீசர். தவணைக்கு ஏற்ற மாதிரி வருமானக் கட்டத்தை நிரப்ப ஒரு நிமிடம் போதும். தண்டல்காரரிடமும் அடகுக்கடையிலும் வாங்கியது, யார் எங்கே கடன் வாங்கினார் என்று பதிவு வைக்கும் கிரெடிட் பீரோவில் வரவும் வராது.

அநியாய வட்டி என்பதற்குக்கூட எண் எதுவும் இல்லாததால், நடந்த பிறகுதான் பிடிக்க முடிகிறது. 2024 அக்டோபரில் நான்கு என்பிஎஃப்சிக்களைப் புதுக் கடன் தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி நிறுத்தியது, அதிக வட்டியும் ஒரு காரணம். அதற்குள் வாங்கியவர்கள் வாங்கிவிட்டார்கள்.

இப்போது மறந்துபோன அந்த விதிக்கு வருகிறேன். 2022-இல் இரண்டு நிறுவனம் என்ற வரம்பையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள், பாதி வருமான விதி போதும் என்று. ஒரே பெண் திங்கள் ஒரு நிறுவனத்தின் சென்டர் (குழு கூடித் தவணை கட்டும் இடம்), புதன் இன்னொன்றின் சென்டர் என்று உட்கார ஆரம்பிக்க, வாராக்கடன் ஏறியது. 2024-இல் நிறுவனங்களின் சொந்தச் சங்கமே ஒருவருக்கு நான்கு நிறுவனங்களுக்கு மேல் கடன் தரக்கூடாது என்றது, 2025 ஏப்ரலிலிருந்து மூன்று. ரிசர்வ் வங்கி வாசல் வழியாக அனுப்பியது கொல்லைப்புறமாகத் திரும்பி வந்தது.

என்னைக் கேட்டால், வட்டி வரம்பு திரும்ப வர வேண்டாம், பழையதிலிருந்து அந்த ஒரு விதியை மட்டும் புதியதோடு ஒட்டுங்கள். வருமானக் கட்டத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். எத்தனை பேர் கடன் கொடுத்திருக்கிறார்கள் என்பதை, கிரெடிட் பீரோவுக்குத் தெரிந்தவரையாவது, ஃபீல்டு ஆபீசர் மாற்றி எழுத முடியாது.