ஆறு பாடும், மலை அதிரும்: வெர்ச்சுவல் ஏ.என்.எஸ். பயன்படுத்திய அனுபவம்

வரைபடத்தை ஸ்வரக்குறிப்பு மாதிரி வாசிக்கவைத்து மின்னணு இசை செய்யவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அதற்கு எனக்குச் சரியாக அமைந்தது வெர்ச்சுவல் ஏ.என்.எஸ். ரஷ்யப் பொறியாளர் எவ்கெனி முர்சின் உருவாக்கிய, 720 தூய ஒலிகளைக் கொண்ட ஏ.என்.எஸ். என்ற மின்னணு இசைக்கருவியின் மென்பொருள் வடிவம் இது. அந்தக் கருவியில் கறுப்புப் பூச்சு பூசிய கண்ணாடியில் கீறினால் ஒளி புகுந்து ஒலியாகும். இங்கே கண்ணாடிக்குப் பதில் படம். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் சுருதி, வெளிச்சம்தான் சத்தம்.

முதலில் ஒரு வரைபடத்தை அப்படியே ஏற்றினேன், வெறும் இரைச்சல்! வெள்ளைப் பின்னணி முழுக்க ஒலிக்கும் அல்லவா, அதனால் நிறங்களைத் தலைகீழாக்கி, ஊர்ப்பெயர்களை அழித்துவிட்டு ஏற்றுங்கள். அப்புறம் பாருங்கள், ஆறு ஒரு நீண்ட கமகமாக வழுக்கிக்கொண்டு போகிறது, அது வளைந்து திரும்பும் இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சுருதிகளாகப் பிரிந்து ஒலிப்பதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் நெருங்கும் செங்குத்துச் சரிவில் சுருதிகள் ஒன்றோடொன்று உரசி அதிர்கின்றன. சமவெளியில் கிட்டத்தட்ட மௌனம். அதே வரைபடத்தை 90 பாகை திருப்பினால் வேறு இசை.

குறை என்றால் தாளம்தான். தெருக்களின் கட்டங்கள்கூடக் கூர்மையான தட்டாக விழாமல் மங்கலாகவே வருகின்றன, அதை வேறு மென்பொருளில்தான் சேர்க்கிறேன். கணினிக்கு இலவசம். தாராளமாக இறக்கிப் பாருங்கள், முதலில் ஆறுகளிலிருந்து தொடங்குங்கள்.